என்ஜினின் நாடி – 9: கேமும் பம்பும் முட்டிக்கொள்ளும் இடம்

போன வாரம் ஹோண்டாவின் வீடெக் பார்த்தோம். 1989இல் இன்டெக்ரா காரில் வந்த அந்த ஏற்பாடு, குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் ஒரு கேமை விட்டு இன்னொரு கேமுக்குத் தாவிவிடும். பிஎம்டபிள்யூவின் இரட்டை வேனோஸ் தாவாது. வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப இடைவிடாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்த வகையில் மிக நுட்பமானதும் மிகுந்த தலைவலி தருவதும் ஒன்றேதான்: 2000 முதல் 2006 வரை வந்த இ46 எம்3 காரின் எஸ்54 என்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், 3,246 சிசி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில், 7,900 சுற்றில் 343 குதிரைத்திறன்.

சாதாரண என்ஜினில் டைமிங் செயின் சுற்றும் சக்கரமும் கேம் ஷாஃப்டும் இறுகப் பூட்டியவை. எஸ்54இல் இரண்டுக்கும் நடுவே சாய்வாகப் பல் வெட்டிய ஒரு தண்டு இருக்கிறது. ஆயில் அழுத்தம் அதை முன்னும் பின்னும் தள்ளும். பல் சாய்ந்திருப்பதால் தண்டு நேராக நகர்ந்தாலும் கேம் கொஞ்சம் திரும்பிவிடும். கிராங்க் ஷாஃப்ட் கணக்கில் இன்லெட் கேம் 60 டிகிரி வரை, எக்ஸாஸ்ட் கேம் 45 டிகிரி வரை நகரும்.

இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்ய வழக்கமான என்ஜின் ஆயில் அழுத்தம் போதாது. அதனால் வேனோஸ் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறிய பம்ப் உண்டு. வரும் ஆயிலை வாங்கி 115 பார் அளவுக்கு ஏற்றித் தரும். லாரி டயரின் காற்றழுத்தத்தைவிட இது பத்து மடங்குக்கும் மேல். பம்பைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் கேமின் முனையில் இருக்கும் ஹப். அதிலிருந்து நீண்ட இரண்டு நாக்குகள் பம்பின் வட்டத் தகட்டுத் துளைகளுக்குள் நுழைந்து அதை இழுத்துக்கொண்டு சுற்றும். இந்தத் துளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடும்போது எப்படித் தெரியும்? ஐடிலில் சுற்று ஏறி இறங்கும். கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். செக் என்ஜின் விளக்கு எரியும். சில கார்களில் முன்பக்கத்திலிருந்து உலோகச் சலசலப்பு கேட்கும். ஸ்கேனர் போட்டால், கேம் கேட்ட கோணத்துக்குப் போகவில்லை என்று கோடு வரும். அங்கேதான் பல ஒர்க்‌ஷாப்புகள் தவறான பாதையில் இறங்குகின்றன. ‘வேனோஸ் போச்சு, முழுசா மாத்திடலாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது கேம் போய்ச் சேரவில்லை என்பதை மட்டுமே. யார் தடுத்தது என்று அது சொல்லவில்லை. கேம் சென்சார் பொய் சொல்லியிருக்கலாம். ஆயிலுக்கு வழிவிடும் சாலினாய்டு திறக்காமல் இருந்திருக்கலாம். அழுத்தம் எழாமல் போயிருக்கலாம். சீல் வழியே கசிந்திருக்கலாம். இரும்பே தேய்ந்திருக்கலாம்.

எனவே அளக்க வேண்டும். தயாரிப்பாளரின் டயக்னோஸ்டிக் மென்பொருளில் வேனோஸ் சோதனை இருக்கிறது. என்ஜினை நன்றாகச் சூடேற்றிவிட்டு அதை ஓட்டினால், இரண்டு கேமையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரச் சொல்லி, எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும். கசிவுச் சோதனையும் உண்டு. இரண்டு கேமும் மந்தமாக இருந்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு: பம்ப், ஆயில் நுழையும் வாயில் உள்ள சிறு வலை, அழுத்தத்தைத் தாங்கும் ஓ-ரிங்குகள். ஒன்று மட்டும் மந்தமென்றால் அந்தக் கேமின் சாலினாய்டு, அதன் பல் தண்டு, தண்டைத் தள்ளும் பிஸ்டன். இந்த ஒரு பிரிவினை பாதி வேலையை முடித்துவிடும்.

சாலினாய்டு தொகுப்பு பெட்டியின் முகப்பில் இருப்பதால் பெட்டியைக் கழற்றாமலே எடுத்துவிடலாம். உள்ளே கேமுக்கு இரண்டாக நான்கு சுருள்கள். ஓம் மீட்டரில் நான்கையும் அளந்து ஒப்பிட வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று அடிக்க வேண்டும். சூடும் அதிர்வும் சேர்ந்து சால்டர் இணைப்புகளில் விரிசல் விழுவது இந்த என்ஜினுக்கே உரிய நோய். விரிசல் விழுந்த தொகுப்பு குளிரில் ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் கைவிடும். மறுசால்டர் வைத்தாலே பல தொகுப்புகள் பிழைத்துவிடுகின்றன.

இனி அந்தத் துளை. தொழிற்சாலைத் தகட்டில் துளை நாக்கைவிடப் பெரிது. இடைவெளி இருக்கிறது. கேமின் சுழற்சி ஒரே சீராக இருப்பதில்லை. வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும்போது தடைபட்டு, விடும்போது துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் நாக்கு துளையின் சுவரில் முட்டும். நாள்பட நாக்கு தேயும், சில என்ஜின்களில் முறிந்தே போகும். முழுப் பெட்டியை மாற்றுவது ஏன் தீர்வாகாது என்பது இப்போது விளங்கும். நாக்கு இருப்பது பெட்டியில் அல்ல, ஹப்பில். ஹப் என்ஜினோடே தங்கிவிடுகிறது. புதுப் பெட்டியின் தகட்டிலும் அதே பெரிய துளை இருந்தால், பெருந்தொகை செலவழித்து அதே முட்டலை மீண்டும் வாங்கியிருப்போம். நாக்கோடு நெருங்கிப் பொருந்தும்படி துளையிட்ட தகடு வெளிச்சந்தையில் கிடைக்கிறது. தேய்ந்த ஹப்பை மாற்றி அந்தத் தகட்டைப் போடுவதுதான் உண்மையான பழுதுபார்ப்பு.

பெட்டி கழன்றிருக்கும்போது செயின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவை தளர்வதும் இங்கே வழக்கம்; சலசலப்புக்கு அதுவும் ஒரு காரணம். நாக்கு முறிந்திருந்தால் வேறு எதையும் விட முதல் வேலை துண்டைத் தேடுவது. பெரும்பாலும் ஆயில் சம்ப்பில் கிடக்கும். செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கினால் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். சம்ப்பைக் கழற்றித் துண்டைக் கண்டெடுத்து, முறிந்த இடத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்த பிறகே மேலே போகலாம். ஒரு சில்லு குறைந்தாலும் அந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது.

பூட்டும்போது கண்ணளவில் டைமிங் வைக்கும் பேச்சே வேண்டாம். கிராங்க் ஷாஃப்டைப் பின் போட்டு நிறுத்தி, கேம்கள் மேல் அதற்கான பிரிட்ஜ் கருவியை வைத்தே பல் தண்டைக் கோக்க வேண்டும். வால்வு கவர் திறந்திருப்பதால் டேப்பெட் இடைவெளியையும் அப்போதே பார்த்துவிடலாம். என்ஜின் ஆறியிருக்க, ஃபீலர் கேஜில் இன்லெட் 0.18 முதல் 0.23 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.28 முதல் 0.33. சரியில்லாத இடத்தில் ஷிம் மாற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கும் அவசரம் கூடாது. இந்த என்ஜினுக்குரிய 10டபிள்யூ-60 ஆயில் குளிரில் கெட்டியானது. சுற்றுமானியில் எரியும் எச்சரிக்கை விளக்குகள், என்ஜின் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். எல்லாம் அணைந்த பிறகு வேனோஸ் சோதனையை மறுபடி ஓட்டி, பழுதுக்கு முன் குறித்து வைத்த நேரங்களுக்குப் பக்கத்தில் புதிய நேரங்களை எழுதுங்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளக் கார்க்காரருக்கு உரிமை உண்டு. தராத ஒர்க்‌ஷாப்புக்கு இந்த என்ஜினைக் கொண்டுபோக வேண்டாம்.

(தொடரும்)