ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா? முதுமையில் விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சி!

ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பீமன் அருவியில் குளிப்பார்கள், ஜமுனாமரத்தூரில் படகு சவாரி செய்வார்கள், காவலூர் தொலைநோக்கி மையத்தை எட்டிப் பார்ப்பார்கள். திரும்பும்போது தேனும் சாமை அரிசியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த மலையில் வாழும் மனிதர்களின் கால்களை யாரும் கவனிப்பதில்லை. சரிவான நிலத்தில் சாமை விதைத்து, ஒற்றையடிப் பாதையில் விறகுச் சுமையோடு இறங்கி, கல்லுக்குக் கல் பாதம் மாற்றி வைத்துப் பழகிய கால்கள் அவை. நகரத்தில் காசு கொடுத்து 'பேலன்ஸ் டிரெய்னிங்' என்று கற்றுக்கொள்வதை, மலை தினமும் இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறது.

அதே மலை முதுமையில் ஆபத்தாகவும் மாறிவிடும். காட்டு வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் உட்காரும் நாளிலிருந்து கால்களுக்கான பயிற்சி நின்றுபோகிறது. பாதை மட்டும் மாறுவதில்லை. அதே சரிவு, அதே கல், மழைக்காலத்தில் அதே வழுக்கல். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அறுவை சிகிச்சைக்கு மலையை விட்டு இறங்கியாக வேண்டும். சாலை எட்டாத குக்கிராமங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகள் இந்த மலைப்பகுதியிலிருந்து பலமுறை வந்திருக்கின்றன. எலும்பு முறிந்த ஒருவருக்கு அந்தப் பயணத்தில் ஒவ்வோர் அடியும் எப்படி வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமான கவலை இல்லை இது. டைல்ஸ் போட்ட அடுக்குமாடி வீட்டிலும் பாட்டிகள் விழுகிறார்கள்.

'வயசாயிடுச்சு, என்ன பண்றது?'

வீட்டில் பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டால் பெரும்பாலும் நாம் சொல்வது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் 80 சதவிகிதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் நடப்பவை. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவிகிதம். இன்று அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

விழுவதற்குத் தலையெழுத்தைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாம் நேராக நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து தகவல் வாங்குகிறது. ஒன்று, கண். இரண்டாவது, காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அது சொல்லும். மூன்றாவது, பாதமும் மூட்டுகளும். தரை மேடா பள்ளமா, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் போகிறது. மூன்றில் ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன ஒருவர், நள்ளிரவில் விளக்கைப் போடாமல் பாத்ரூமுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதத்திலிருந்து தகவல் இல்லை, இருட்டில் கண்ணும் உதவாது. மிச்சம் இருப்பது காது மட்டும்தான். அதுவும் வயதோடு மந்தமாகியிருக்கும்.

தகவல் சரியாக வந்தாலும் போதாது. கால் இடறினால், அரை நொடிக்குள் இன்னொரு காலை எடுத்து முன்னால் வைத்தால்தான் உடம்பைத் தாங்க முடியும். இளைஞர்கள் இடறி, சமாளித்து, சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். தொடையும் கெண்டைக்காலும் மெலிந்துபோன பெரியவருக்கு அந்த ஓர் அடியை நேரத்துக்கு வைக்க முடிவதில்லை. சமநிலைப் பயிற்சி திருப்பிக் கொண்டுவர முயல்வது அந்த அடியைத்தான்.

'தினமும் வாக்கிங் போறேனே!'

நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால், விழாமல் இருக்க அது மட்டும் போதும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 23,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 108 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2019-ல் ஒரு முடிவை வெளியிட்டது. உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழும் எண்ணிக்கை 23 சதவிகிதம் குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது, சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகளில். நடைப்பயிற்சியை மட்டும் செய்தவர்களுக்குப் பலன் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சமதளத்தில் நேராக நடப்பது உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. லேசாகத் தடுமாற வைத்து, அதைச் சமாளிக்கக் கற்றுத்தரும் வேலைதான் இங்கே தேவை. வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலிமைக்கும் பயிற்சி செய்யுங்கள் என்று முதியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்ததும் இதனால்தான்.

'இந்த வயசுக்கு மேல என்ன பயிற்சி?' என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்தில் பதில் இருக்கிறது. அங்குள்ள ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் ஒரு வீட்டுப் பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார்கள். 1997-ல் வெளியான அதன் முதல் ஆய்வில் பங்கேற்ற 233 பேரும் 80 வயதைக் கடந்த பெண்கள். பெரிய கருவிகள் எதுவும் கிடையாது. வீட்டிலேயே அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். சிகிச்சையாளர் முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பார், பிறகு போனில் விசாரிப்பார். அவ்வளவுதான். இந்தத் திட்டத்தை வைத்து நடந்த நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது 35 சதவிகிதம் குறைந்திருந்தது. அதில் ஓர் ஆய்வில் சொல்லிக்கொடுத்தவர், இயன்முறை சிகிச்சையாளரிடம் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர். அங்கேயும் நல்ல பலன் கிடைத்தது.

ஜவ்வாது மலைக்கு இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கிவிட்டார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. இருந்தாலும், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு குக்கிராமத்துப் பாட்டிக்கு கிண்டி எட்டாத தூரம்.

அவர் வீட்டுக்கு வரக்கூடியது, 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். பி.பி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகத்தான் பலர் இதை அறிந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் இதில் அடக்கம். ஆனால், பக்கவாதம் வந்த பிறகு, எலும்பு முறிந்த பிறகு தேவைப்படும் சிகிச்சையாகவே பிசியோதெரபியை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். சிதறிக்கிடக்கும் மலைக் கிராமங்களில் ஒரு சிகிச்சையாளர் வீடு வீடாக வாரம் மூன்று முறை போவது நடக்கிற காரியமும் இல்லை. மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலருக்கே நான்கைந்து சமநிலைப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் என்ன? நியூசிலாந்தில் ஒரு செவிலியரால் முடிந்தது, அதே ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணால் முடியாமல் போகாது. அந்தப் பாட்டிக்கு அவர் பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் சொந்தமாகவும் இருப்பார்!

சமையல் மேடை போதும்

முதலில் ஒரு சின்ன சோதனை. சுவரோரம் நின்று, பக்கத்தில் ஒருவர் இருக்க, ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நேர்க்கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் விழும் ஆபத்து அதிகம். இன்னொன்று, நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவது. இதற்கு 12 விநாடிக்கு மேல் ஆனாலும் கவனம் தேவை. ஒற்றைக்காலில் நிற்கும் சோதனையும் உண்டு. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவரால் 10 விநாடி நிற்க முடியவில்லை. அப்படி நிற்க முடியாதவர்களிடையே அடுத்துவந்த ஆண்டுகளில் மரணங்களும் கூடுதலாக இருந்தன. ஒற்றைக்காலில் நிற்காததால் யாரும் இறந்துவிடவில்லை, பயப்பட வேண்டாம். உடம்பின் மொத்த ஆரோக்கியத்தையும் அந்தக் கால் காட்டிக்கொடுக்கிறது.

பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். சமையல் மேடை, கனமான கட்டில், ஜன்னல் கம்பி என்று அசையாத ஏதாவது ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். பிளாஸ்டிக் நாற்காலியை நம்ப வேண்டாம், ஆளோடு சேர்ந்து அதுவும் சாயும். மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குவது 10 முறை. பிறகு விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. பக்கவாட்டில் நண்டுபோல நான்கு அடி போய்த் திரும்புவது. குதிகாலோடு விரல்நுனி ஒட்ட, கயிற்றின் மேல் நடப்பதுபோல நடப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஒற்றைக்காலில் நிற்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு கையாலும் பிடித்து, சில வாரங்களில் ஒரு கை, பிறகு ஒரு விரல் என்று பிடியைத் தளர்த்திக்கொண்டே வருவதில்தான் விஷயம் இருக்கிறது. சுலபமாகிவிட்டால் அது பயிற்சியே இல்லை. சின்ன வயதில் நொண்டி ஆடிய பாட்டிகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. பேரன், பேத்திகளோடு போட்டி வைத்தால் இன்னும் உற்சாகமாகச் செய்வார்கள்.

எழுந்து நின்றதும் தலைசுற்றுகிறவர்கள், சமீபத்தில் விழுந்தவர்கள், மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. தூக்க மாத்திரை, பி.பி மாத்திரையின் அளவு, கண்புரை, தேய்ந்துபோன செருப்பு இவற்றையும் சரிபார்க்க வேண்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு ஒன்று எரியட்டும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. 'நீ உட்காரும்மா, நாங்க பார்த்துக்கிறோம்' என்று பிள்ளைகள் சொல்லும் பாசமான வார்த்தைதான் அது. ஒருமுறை விழுந்த அம்மாவை, வாசலில் கோலம் போடவும் மாடிக்குத் துணி எடுத்துப் போகவும் விடுவதில்லை. அவருக்கும் பயம். நடமாட்டம் குறைகிறது, கால் மெலிகிறது, அடுத்த முறை இன்னும் எளிதாக விழுகிறார். மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துவிட்டு ஏறச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் உதவி.

விழுந்தால் எழுவதையும் பழகி வைக்கலாம். உடனே கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வலி எங்கே என்று கேட்டு, கை, கால் அசைகிறதா என்று பார்த்த பிறகு, ஒருக்களித்துத் திரும்பி, முட்டியும் கையும் ஊன்றி, கட்டில் விளிம்பைப் பிடித்து, வலுவான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தாலோ இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.