ஆறு வீடு, ஒரே மோட்டார்: வாடகைக்கு இருக்கிறவங்க ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்?

இந்த எபிசோடுல கோடிங் இல்லை. வாடகை பத்திப் பேசலாம்.

சரவணம்பட்டியில நான் இருந்தது ஒரு லைன் வீடு. ஒரே காம்பவுண்டுல வரிசையா ஆறு வீடு, எல்லாத்துக்கும் ஒரே தண்ணி மோட்டார். கோயம்புத்தூருக்கு இது புதுசில்லை. சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் மில் தொழிலாளர்கள் இப்படித்தான் குடியிருந்தாங்க. இப்போ ஐ.டி. பசங்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் இருக்கோம்.

ஒரு நாள் ஹவுஸ் ஓனர் வந்தார். "தம்பி, அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் சேர்த்துக் குடுங்க. இல்லீனா வேற வீடு பார்த்துக்குங்க." நான் தலையாட்டிட்டேன். கடைசி வீட்டுல தையல் வேலை செய்யுற அக்கா, "இப்பத்தானுங்க பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினேன்"னு கெஞ்சிப் பார்த்தாங்க. அடுத்த வாரம் அவங்க வீட்டுக்குப் போற வால்வை மட்டும் மூடிட்டாங்க. பத்து நாள் குடத்துல தண்ணி சுமந்தாங்க, அப்புறம் காலி பண்ணிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் மீதி அஞ்சு வீட்டுக்காரங்களும் மொட்டை மாடியில உட்கார்ந்து பேசினோம். ஒரே அளவு வீடு, ஆனா அஞ்சு விதமான வாடகை. சிலர் அஞ்சு மாச அட்வான்ஸ் குடுத்திருந்தாங்க, சிலர் பத்து மாசம். அதுவரைக்கும் யாரும் யாரையும் கேட்டதே இல்லை.

சட்டத்துல என்ன இருக்கு?

1960-ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல 'நியாய வாடகை'ன்னு ஒண்ணை அதிகாரியே நிர்ணயிக்க முடியும். அதுக்குப் பதிலா வந்த 2017-ஆம் வருஷச் சட்டம், 2019 பிப்ரவரி 22-ல இருந்து நடைமுறையில இருக்கு. இதுல வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுதான் வாடகை.

ஆனா வேற சில பாதுகாப்பு இருக்கு. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவாகணும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டா, அதுல சொல்லாத உயர்வை நடுவுல கேட்க முடியாது. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தரணும். தண்ணியையோ கரண்ட்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட புகார் குடுக்கலாம்.

அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கூடாதுன்னும் இருக்கு. ஆனா "வேறு விதமா ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்"னு ஒரு வரியும் கூடவே வருது. அந்த ஓட்டை வழியாத்தான் பத்து மாச அட்வான்ஸ் உள்ள வருது. தனியா நிக்கிற ஆளால அதை அடைக்க முடியாது. டூலெட் போர்டுக்குக் கீழ அடுத்த ஆள் நிக்கிறார்ல?

கிளாஸ்கோ, 1915

ஸ்காட்லாந்துல கிளாஸ்கோன்னு ஒரு தொழில் நகரம். முதல் உலகப்போர் சமயத்துல ஆயுத ஆலைக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் ஆட்கள் குவிஞ்சாங்க, வாடகை ஏறுச்சு. ஆண்கள்ல பலர் போர்முனையில. மேரி பார்பர் மாதிரி பெண்கள் தெருத்தெருவா குழு அமைச்சாங்க. காலி பண்ண வைக்க ஆள் வந்தா மணியடிப்பாங்க, தெருவே கூடிரும். நவம்பர்ல சுமார் 20,000 குடும்பங்கள் கூட்டின வாடகையைக் கட்ட மறுத்துட்டாங்க. அந்த வருஷம் முடியுறதுக்குள்ள, போருக்கு முன்னாடி இருந்த அளவுல வாடகையை நிறுத்திவைக்கிற சட்டத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் கொண்டுவந்துச்சு.

இதைக் கேட்டுட்டு வாடகையை நிறுத்திராதீங்க! நம்ம சட்டப்படி ரெண்டு மாசப் பாக்கி இருந்தா, காலி பண்ண வைக்க அதுவே காரணம். வாடகையை பேங்க் வழியா அனுப்பி ரசீதை வச்சுக்குங்க. பக்கத்து வீட்டுல எவ்வளவு வாடகை, எவ்வளவு அட்வான்ஸ்னு கேளுங்க. ஓனரைப் பார்க்கச் சேர்ந்து போங்க.

நாங்க அஞ்சு பேரும் சேர்ந்துதான் போனோம். உயர்வு ஆயிரமாக் குறைஞ்சது, எழுத்துலயும் வந்துச்சு. அக்காவோட அட்வான்ஸையும் கேட்டோம். மூணாவது மாசம் கைக்கு வந்துச்சு. ஆனா அந்த வீட்டுக்கு அவங்க திரும்பி வரலை. வால்வை மூடின அன்னிக்கே நாங்க மாடிக்குப் போயிருக்கணும்.

உங்க காம்பவுண்டுக் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போமுங்க!