பாஸ்வேர்டை நிரப்ப மறுக்கும் பிரவுசர்... கோளாறா, எச்சரிக்கையா?

ஆபீஸ் அவசரத்தில் லாகின் செய்யும்போது, பாஸ்வேர்டை சேமிக்கவா என்று குரோம் கேட்கும். இருக்கிற டென்ஷனில் 'நெவர்' பட்டனைத் தட்டிவிடுவோம். அவ்வளவுதான், அதன் பிறகு அந்தத் தளத்துக்கு குரோம் வாயே திறக்காது.

இதைச் சரிசெய்வது சுலபம். குரோமின் பாஸ்வேர்டு மேனேஜர் செட்டிங்ஸில், நாம் 'நெவர்' சொன்ன தளங்களின் பட்டியல் இருக்கும். அதிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிட்டு மறுபடி லாகின் செய்தால் போதும்.

ஆனால், ஏற்கெனவே சேமித்த பாஸ்வேர்டு திடீரென வராமல் போனால்? இங்கேதான் நிதானம் தேவை. பிரவுசர் பாஸ்வேர்டை தளத்தின் முகவரியோடு சேர்த்தே நினைவில் வைக்கிறது. லோகோ, நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தாலும், முகவரியில் ஓர் எழுத்து மாறினால் அதற்கு அது வேறு தளம். எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கைத் தட்டி, திறக்கும் வங்கிப் பக்கத்தில் பாஸ்வேர்டு கட்டம் காலியாக இருக்கிறதா? அட, இதுவும் பிரவுசர் கோளாறுதான் என்று கையால் டைப் செய்துவிடாதீர்கள். முதலில் முகவரியைப் பாருங்கள்.

உண்மையான வங்கித் தளத்திலும் இப்படி நடக்கலாம். 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. லாகின் பக்கம் அப்படி மாறியிருந்தால், பழைய முகவரியில் சேமித்தது இங்கே வராது. முகவரியில் முதல் சாய்வுக்கோட்டுக்கு முன்னால், கடைசியாக 'டாட் பேங்க் டாட் இன்' இருக்கிறதா, அதற்கு முன் உங்கள் வங்கியின் பெயர்தானா என்று பார்த்துவிட்டு, ஒருமுறை டைப் செய்து புதிதாகச் சேமித்துக்கொள்ளலாம்.