பானையை விட்ட கடலோடிகள்

விருத்தாசலத்துக்குக் களிமண் பஞ்சமில்லை. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு அதுவும் கிடைக்கிறது. பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் சுட்டெடுக்கும் இந்த ஊரில், மண்ணைச் சுடத் தெரிந்த ஒரு கூட்டம் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது என்றால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீசியர்கள் விட்டார்கள்.

அவர்களின் நாடுகளில் ஒன்று குக் தீவுகள். நியூசிலாந்துக்கு வடகிழக்கே 15 தீவுகள், மொத்தம் சுமார் 240 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 15,000 பேர். விருத்தாசலம் நகராட்சியில் கால் பங்குகூட இல்லை.

இவர்களின் முன்னோர் ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் டோங்கா, சமோவா வரை படகேறி வந்தவர்கள். ஈரப் பானையில் பல் பல்லான அச்சைக் குத்திக் கோலமிட்டுச் சுட்டார்கள். லப்பிடா என்று பெயர்பெற்ற அந்தப் பானைகளில் முதலில் கோலம் நின்றது, பிறகு பானையே நின்றது. பவளத் தீவில் களிமண் ஏது என்று காரணம் சொல்வதுண்டு. ஆனால் சமோவா எரிமலைத் தீவு, அங்கும் விட்டார்களே! சமையலே காரணம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குழி வெட்டி, பழுக்கக் காய்ந்த கற்களைப் பரப்பி, சேப்பங்கிழங்கையும் கறிப்பலாவையும் இலையில் பொதிந்து மூடினால் வெந்துவிடும். உலையில் கொதிக்கவைக்க அவர்களிடம் அரிசி இல்லை. மறதியாலோ சோம்பலாலோ போன கலை அல்ல இது. குக் தீவுகள் வரைக்கும் பானை போயிருக்கிறது: அங்குள்ள மௌக்கே தீவில் அகழ்ந்தபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதிலிருந்த மணல் துகள்களை ஆராய்ந்தால், அது டோங்காவில் செய்தது! ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கடல் கடந்து வந்திருக்கிறது.

ஆட்சியிலும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று இவர்கள் கணக்குப் பார்த்தவர்கள்தான். 1965 ஆகஸ்ட் 4 முதல் சுயாட்சி. சட்டமும் வரியும் 24 உறுப்பினர் நாடாளுமன்றத்தின் கையில். பாதுகாப்புப் பொறுப்பு நியூசிலாந்திடம். முழு விடுதலை கேட்காததால் நியூசிலாந்துக் குடியுரிமை நிலைத்தது. அதன் விலையும் பெரிது: தீவில் இருப்பவர்களைப் போலப் பல மடங்கு பேர் இன்று நியூசிலாந்தில் வாழ்கிறார்கள். ஆனாலும் வெளிநாடுகளோடு தாங்களே உறவாடுகிறார்கள்: 2014-இல் இந்தியா தொடங்கிய இந்திய-பசிபிக் தீவுகள் ஒத்துழைப்பு மன்றத்தின் 14 தீவு நாடுகளில் குக் தீவுகளும் ஒன்று.

2025 பிப்ரவரியில் சீனாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தங்களிடம் உரியபடி கலந்துபேசவில்லை என்று சினந்த நியூசிலாந்து, நிதியுதவியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. சுயாட்சி நாடு இதற்கெல்லாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்பது குக் தீவுகள் அரசின் வாதம்.