வழிகாட்டு நாயும் வளர்ப்பு மனையும்

நட்பிற் பிழை பொறுத்தல் முதலியவற்றை ஆராயும் நாலடியார், நட்புக்கு உரியாரைத் தெரிந்து கொள்ளும் முறையைக் கூறுமிடத்து, யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நாய் அனையாரின் கேண்மையே கொள்ளத்தக்கது என்கின்றது. நெடுநாட் பழகிய பாகனுக்கும் யானை பகையாகலாம். வளர்த்தவன் ஊறு செய்தவிடத்தும் நாயின் அன்பு மாறாது என்பது அங்குக் காட்டப்படும் காரணம். நாயின் நன்றியுணர்வு இவ்வாறு பண்டே போற்றப்பட்டது. ஆயின், அவ்வன்பு எப்பருவத்தில் உருவாகின்றது, ஒருவர்பால் உருவான அன்பு பிறிதொருவருக்குப் பயன்படுமா என்னும் வினாக்களுக்கு விடை தந்தது இருபதாம் நூற்றாண்டேயாகும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை உருவாக்கும் முயற்சி அதற்குப் பெரிதும் துணைபுரிந்தது.

முதலாம் உலகப் போரிற் கண்ணிழந்த வீரர்களின் பொருட்டு, 1916 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் நகரில் வழிகாட்டு நாய்ப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1923 இல் பொற்ஸ்டாம் நகரிற் பிறிதொரு பள்ளி எழுந்தது. சுவிற்சர்லாந்தில் நாய்ப் பயிற்சி நிலையம் நடத்திவந்த டொறதி யூஸ்ரிஸ் என்னும் அமெரிக்க அம்மையார், பொற்ஸ்டாமிற் கண்டவற்றை 1927 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதனாற் கிளர்ச்சியுற்ற மொறிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர், மறுவருடம் அந்நிலையத்துக்குச் சென்று, தோழமையைக் குறிக்கும் பெயர் பூண்ட ஒரு பெண் நாயுடன் தாயகம் மீண்டார். 1929 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய பள்ளி தோன்றியது.

தொடக்கத்திற் பள்ளிகள் வளர்ந்த நாய்களையே பெரிதும் பெற்றுப் பயிற்றின. பின்னர், குட்டிகளைக் குடும்பங்களிடம் ஒப்படைத்து வளர்ப்பிக்கும் முறை அமெரிக்காவில் 1940களிலும் இங்கிலாந்தில் 1956 முதலும் பரவியது. கலிபோர்ணியாவின் பள்ளி ஒன்றில் நாய்களைத் தேர்ந்தெடுத்த கிளாரன்ஸ் பவன்பேகர் என்பாரும், நாயின் நடத்தையை ஆராய்ந்த ஜோன் போல் ஸ்கொற் என்னும் விஞ்ஞானியும் 1959 இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையின் தேவையை உறுதிசெய்தது. ஒரே வகைத் தேர்வுகளில் தேறிய குட்டிகளுள், பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டி மனைகளுக்குச் சென்றவை பெரும்பாலும் வழிகாட்டு நாய்களாயின. மேலும் சில வாரங்கள் நாய்க்கொட்டிலிலேயே தங்கியவை பெரும்பாலும் தவறின. மனிதருடனும் உலகத்துடனும் உறவு பூணும் வாயில் குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் திறந்து, பன்னிரண்டாம் வாரமளவில் ஒடுங்கத் தொடங்குகின்றது என்பது இவ்வாய்வுகளாற் பெறப்பட்டது. ஆதலின், இன்று பள்ளிகள் பலவும் ஏழு அல்லது எட்டு வாரக் குட்டியையே வளர்ப்போரிடம் அளிக்கின்றன.

அக்குட்டி தாயையும் உடன்பிறப்புக்களையும் அன்றுதான் பிரிந்து வருவது. அதனை வரவேற்கும் நாள் ஆரவார நாளாதல் ஆகாது. அயலாரையும் உறவினரையும் கூட்டாது, வீட்டாரே அமைதியாக ஏற்றல் வேண்டும். முதலில் மலசலம் கழித்தற்குரிய இடத்தைக் காட்டி, அதன்பின் ஓர் அறையை மட்டும் அறிமுகஞ் செய்தல் நன்று. சிறுவர் நிலத்தில் அமர்ந்து, குட்டி தானாக அணுகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். எடுத்து அணைக்கப்படும் குட்டியினும் தானே நடந்துவந்து முகரும் குட்டி விரைவில் அச்சம் நீங்கும். தாயின் மணம் படிந்த துணியொன்றைப் படுக்கையில் இடுதலும், முதற்சில இரவுகளில் வளர்ப்பவர் துயிலும் இடத்துக்கு அருகே படுக்கவைத்தலும் அதன் தனிமைத் துயரைக் குறைக்கும். இரவில் எழுந்து வெளியே அழைத்துச் செல்லும் தொல்லை தவிர்க்க முடியாதது. வீட்டினுள் அசுத்தஞ் செய்தமைக்குத் தண்டிக்கப்படும் குட்டி, தூய்மையைக் கற்பதன்று, மனிதருக்கு அஞ்சுதலையே கற்கின்றது.

உறவு வளர்வது சிறு செயல்களால். உணவின் ஒரு பகுதியைக் கையாலே ஊட்டுதல், பெயர் சொல்லி அழைத்து அது திரும்பிப் பார்க்குந்தோறும் பரிசளித்தல், செவியையும் வாயையும் பாதங்களையும் மெல்லத் தொட்டுப் பழக்குதல், உறங்கும்போது எழுப்பாது விடுதல் என்பன அவற்றுட் சில. கண்ணோடு கண் நோக்குதலும் சிறியதொன்றன்று. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீடித்து நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை உண்டாக்கும் ஒட்சிரோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் மிகுகின்றது என யப்பானிய ஆய்வாளர் 2015 இல் எடுத்துக்காட்டினர்.

அன்புடன் ஒழுங்கும் வேண்டும். உண்ணும் மேசையிலிருந்து உணவு கொடுத்தல், மேலே பாய்வதை விளையாட்டாகக் கொள்ளுதல் முதலியன சாதாரண வளர்ப்பு நாய்க்குச் சிறு குற்றங்களே. பார்வையற்ற ஒருவரை உணவுச்சாலையினூடு அழைத்துச் செல்லும் நாயோ, நிலத்திற் கிடக்கும் ஓர் எலும்புக்காகத் திரும்பின் அவரை வீழ்த்திவிடும். தடுப்பூசிகள் முற்றுப்பெறும்வரை குட்டியைக் கையில் ஏந்தியேனும் சந்தை, புகையிரத நிலையம், படிக்கட்டு, விரியும் குடை, இரைந்து செல்லும் வாகனம் ஆகியவற்றைக் காட்டுவதும் இக்கருத்துப் பற்றியே. ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து காட்டி, அஞ்சினாற் பின்வாங்கி, மீண்டும் அணுகுதல் முறையாகும். இழுத்துச் சென்று அச்சத்தைப் போக்குதல் இயலாது.

இத்துணைப் பொறுமை எதற்கு, கண்டிப்பினாற் கீழ்ப்படிதலை விரைவிற் கற்பிக்கலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். வழிகாட்டு நாயின் தலையாய பண்பு கீழ்ப்படிதல் மட்டும் அன்று. வேண்டியவிடத்துக் கீழ்ப்படியாமையும் ஆகும். வீதியைக் கடக்குமாறு பார்வையற்றவர் பணிக்கின்றார். அவருக்குப் புலப்படாத வாகனமொன்று விரைந்து வருகின்றது. அக்கணத்தில் நாய் அவர் ஆணையை மறுத்து நிற்றல் வேண்டும். அடிக்கு அஞ்சியே வளர்ந்த நாய்க்கு இத்துணிவு எவ்வாறு வரும்? மனிதரின் கை தன்னை வருத்தாது என்னும் நம்பிக்கை உள்ள நாயே மனிதரின் சொல்லை மறுத்து அவர் உயிரைக் காக்கும். அந்நம்பிக்கையின் வித்து இடப்படுவது வளர்ப்பு மனையிலேயாம்.

ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு அகவையில் நாய் பள்ளிக்கு மீள்கின்றது. கையால் ஊட்டி, இரவெல்லாம் விழித்து வளர்த்தவர் அதனைப் பிரிதல் எளிதன்று. அங்குச் சென்றவை அனைத்தும் தேறுவதும் இல்லை. இடுப்பு மூட்டின் குறையாலோ, கண் நோயாலோ, அச்ச மிகுதியாலோ சில விலக்கப்படும். அவை வேறு பணிக்கேனும் மனைத் துணையாகவேனும் செல்லும். அதனால் வளர்த்தவர் உழைப்பு வீணாயிற்று என்றல் பொருந்தாது.

தேறிய நாய் சில மாதப் பயிற்சியின்பின் பார்வையற்ற ஒருவருடன் இணைக்கப்படுகின்றது. அவ்விணைப்பு நிகழும் முறை கருதத்தக்கது. அவரே அதற்கு உணவிடுகின்றார். அவரே உடலைத் துலக்குகின்றார். அவர் கட்டிலின் அருகே அது துயில்கின்றது. முதல் மனையிற் குட்டிக்குச் செய்யப்பட்டவையே மீண்டும் செய்யப்படுகின்றன. தொடக்கத்தில் நாய் பழைய பயிற்றுநரைத் தேடும். சில நாளில் புதியவரின் அடியோசைக்குச் செவி நிமிர்த்தும். ஒருமுறை நம்பக் கற்ற உள்ளம் மறுமுறையும் நம்ப வல்லது. மேலே எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: ஒருவர்பால் உருவான அன்பு பிறிதொருவருக்குப் பயன்படும்.

வளர்த்தவர் அந்நாயுடன் வீதியைக் கடக்கப்போவதில்லை. கடப்பவர் அக்குட்டியின் முதல் இரவுகளை அறியப்போவதுமில்லை. ஆயினும், வாகனங்கள் இரையும் வீதியோரத்தில் நாய் அசையாது நிற்க, அதன் தோட்பட்டியின் பிடியைப் பற்றியவர் தாமும் நின்று உயிர் பிழைக்கும்போது, முன்னவர் செய்த அன்பு பின்னவருக்குக் கண்ணாகின்றது.