சாவியைத் திருப்பும் முன்: நெடுநாள் நின்ற காரை எழுப்புவது எப்படி?

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பியவர்கள் பலரும் செய்வது இதுதான். உறையை உருவிவிட்டு நேரே ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடிக்கிறார்கள். கார் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். மிச்சமிருந்த சார்ஜும் போய்விடுகிறது. நெடுநாள் நின்ற காருக்கு முதலில் வேண்டியது உங்கள் கண், அடுத்து காது. சாவி அதற்குப் பிறகு.

முதலில் பானட்டைத் திறங்கள்

நின்ற கார் எலிக்கு நல்ல வீடு. வயர்கள் கடிபட்டிருக்கின்றனவா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நாரும் துணியும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தோல் உரிந்த வயரோடு ஸ்டார்ட் செய்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்தக் காரையும், மழைவெள்ளத்தில் நின்ற காரையும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சத்தமே இல்லை, அல்லது 'டக் டக் டக்'

பெரும்பாலும் பேட்டரிதான். காரை அணைத்த பின்னும் கடிகாரம், அலாரம், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் துளித்துளியாக மின்சாரம் குடிக்கின்றன. முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் கிட்டத்தட்ட காலி.

டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் துடைத்துக் காயவிட்டு இறுக்குங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். பல நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து ஜம்ப்பர் கேபிள். வரிசை முக்கியம்: சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையை உங்கள் எஞ்சினின் வெற்று உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து எரியும் வாயு கசியும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். இரண்டும் சந்திக்கக் கூடாது. பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால், ஸ்டார்ட் ஆன பிறகும் பேட்டரிக் கடையில் கொடுத்து நிதானமாகச் சார்ஜ் ஏற்றுவதே நல்லது.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், செல்ஃப் மோட்டாரையோ அதன் இணைப்பையோ மெக்கானிக் பார்க்க வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பேட்டரி நன்றாக இருக்கிறது; பெட்ரோலோ ஸ்பார்க்கோ வந்து சேரவில்லை. சாவியை ஆனில் வைத்துக் காது கொடுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்சீட் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய 'ஙொய்' கேட்கும். அது பெட்ரோல் பம்ப். கேட்காவிட்டால் அதன் ஃப்யூஸைப் பாருங்கள்.

பம்ப் ஓடினால் சந்தேகம் பெட்ரோல் மீது. இப்போது பங்க்கில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் படியும். எளிதில் பற்றும் பகுதியும் மாதக்கணக்கில் ஆவியாகிவிடும். சில மாதப் பெட்ரோலோடு புதிய பெட்ரோல் சேர்த்தால் போதலாம். ஒரு வருடம் தாண்டி, வார்னிஷ் போல வாடை அடித்தால் முழுக்க இறக்கிவிடுங்கள்.

எப்படியானாலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

எஞ்சின் ஓடுகிறது, கார் நகரவில்லை

ஹேண்ட் பிரேக் துருவேறி ஒட்டியிருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிய்க்கப் பார்க்காமல், சக்கரத்தைக் கழற்றி விடுவிக்கச் சொல்லுங்கள். டயர்களில் காற்று நிரப்பாமல் சாலையில் இறங்க வேண்டாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகுமுன் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான். மறக்காமல் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.