கம்ப்யூட்டர் இணைப்பைச் செல்போனுக்கும் பகிரலாம்

நெற்பயிரின் இலையில் புள்ளி கண்டதும் படமெடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பவும், உழவன் செயலியில் வானிலையும் சந்தை விலையும் பார்க்கவும் செல்போன் பயன்படுகிறது. ஆனால் டவர் தொலைவில் உள்ள கிராமங்களில் வீட்டுக்குள் செல்போனில் இணையம் சரியாகக் கிடைப்பதில்லை. அதே வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்காகக் கேபிள் வழி இணையத்துடன் கம்ப்யூட்டர் இருந்தால், அந்த இணைப்பைக் கம்பியின்றிச் செல்போனுக்கும் பகிர்ந்து கொள்ளலாம்.

இது கிணற்று நீரை மடை திறந்து பக்கத்து வயலுக்கும் பாய்ச்சுவது போன்றதே. நீர் பெருகுவதில்லை, பங்குதான் போகிறது. எனவே செல்போனில் சினிமா ஓடினால் கம்ப்யூட்டரில் வேகம் குறையும். மாத அளவு உள்ள இணைப்பானால் இரண்டும் சேர்ந்தே கணக்கில் வரும்.

தேவையானவை

கம்ப்யூட்டரில் வைஃபை வசதி இருக்க வேண்டும். லேப்டாப்பில் இது இருக்கும். மேசைக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வைஃபை அடாப்டரை வாங்கிப் பொருத்தலாம். மோடத்திலேயே வைஃபை இருந்தால் இந்த ஏற்பாடு தேவையில்லை. செல்போனை நேரடியாக மோடத்துடன் இணைக்கலாம்.

செய்முறை (விண்டோஸ் 10, 11)

1. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்பதைத் திறந்து, 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும்.

2. எந்த இணைப்பைப் பகிர்வது என்ற இடத்தில் கேபிள் இணைப்பாகிய 'ஈதர்நெட்' என்பதையும், எதன் வழியாக என்ற இடத்தில் 'வைஃபை' என்பதையும் குறிக்க வேண்டும்.

3. 'எடிட்' என்பதை அழுத்தி, ஒரு பெயரும் 8 எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பிறகு ஹாட்ஸ்பாட்டை 'ஆன்' செய்ய வேண்டும்.

4. செல்போனில் வைஃபையை ஆன் செய்து, அந்தப் பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டைக் கொடுத்தால் இணைப்பு கிடைக்கும். 8 கருவிகள் வரை இணைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

அலைவரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்வு செய்வது நல்லது. 5 கிகாஹெர்ட்ஸைவிட இது சுவரைத் தாண்டி அதிக தூரம் எட்டும். திண்ணை வரை கிடைத்தாலும் வயல் வரை எட்டாது. எனவே வயலில் படமெடுத்து, வீட்டுக்கு வந்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரை இரும்பு பீரோவுக்கு அருகில் வைக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் 'ஸ்லீப்' நிலைக்குப் போனாலும், மின்சாரம் தடைப்பட்டு மோடம் நின்றாலும் இணைப்பு அறுந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் மோடத்துக்கு இன்வெர்ட்டர் மின்சாரம் தேவை.

முக்கியமாக ஒன்று: ஹாட்ஸ்பாட்டில் இணையம் மட்டுமே வரும். வங்கியும் அரசுத் திட்டங்களும் எஸ்.எம்.எஸ். மூலம் அனுப்பும் ஓ.டி.பி. எண் பொதுவாக டவர் சிக்னலில்தான் வரும். எனவே பதிவு செய்யும் வேலைகளைச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டையும் வெளியாருக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. உங்கள் இணைப்பில் பிறர் செய்யும் தவறுக்கு நீங்கள் பதில் சொல்ல நேரிடலாம்.

நடவு தொடங்கும் முன்பே ஒருமுறை இணைத்துப் பார்த்து வைத்தால், பயிரில் நோய் தென்பட்ட அன்றே படத்தை அனுப்பி, தாமதமின்றி ஆலோசனை பெறலாம்.